மூன்று தட்டு கேட்கும் வரை

வெர்னன் டாகெட்டின் வீட்டிலிருந்து அந்தப் பூங்காவின் வாசல் பதினோரு மைல். எங்கெங்கிருந்தோ ஆட்கள் விமானம் ஏறி வந்து, கடலோரத்து ரெட்வுட் மரங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெர்னன் முப்பத்துநான்கு வருஷமாக அந்த வாசலைத் தாண்டவில்லை. அவர் மட்டுமில்லை, மரம் வெட்டிப் பிழைத்த அந்த ஊர் ஆண்பிள்ளைகள் யாருமே தாண்டவில்லை. அவர்கள் வெட்டிக்கொண்டிருந்த காட்டைத்தான் பூங்காவோடு சேர்த்தார்கள். அதற்குப் பிறகு மரம் அறுக்கும் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. காபிக்கடையில் உட்கார்ந்து, செத்தாலும் அந்தப் பூங்காவில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து சபதம் எடுத்தார்கள். எடுத்தவர்களில் பாதிப் பேர் சொன்னபடியே செத்தும் போனார்கள். வீம்பென்றால் அப்படி ஒரு வீம்பு. இதனால் மரங்களுக்கு என்ன நஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை.

லொரீன் மட்டும் வேறொன்று கேட்டாள். வெர்னனின் மனைவி. அவளுடைய அப்பாவும் மரம் வெட்டியவர்தான். எட்டு வயசிலிருந்து அவருக்கு மலைமேல் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு அதே மலைக்கு, அதே தூக்கை, வெர்னனுக்குக் கொண்டுபோனாள். அவள் பார்த்து வளர்ந்த பெரிய மரங்களெல்லாம் அப்பாவாலும் புருஷனாலும் கீழே வந்துவிட்டன. மிச்சம் நின்றவை பூங்காவுக்குள் நின்றன. அவற்றை நின்ற கோலத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"வெர்ன், என்னை அந்தப் பெரிய மரம் பார்க்க எப்பக் கூட்டிட்டுப் போவ?"

"அடுத்த வாரம்."

ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வி, இதே பதில். அவள் கோபித்துக்கொண்டதில்லை. தானாகக் கார் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், போகவுமில்லை. புருஷன் எடுத்த சபதத்துக்காக அவளும் தன் ஆசையைக் கட்டிப்போட்டாள். அதற்கு அவளுக்கு யாரும் நன்றி சொன்னதாக எனக்குத் தெரியாது.

பிறகு அவளுக்கு ஞாபகம் கழன்றுபோக ஆரம்பித்தது. முதலில் அடுப்பில் வைத்த கெண்டி மறந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் பெயர். பிறகு வீட்டுக் குளியலறை எந்தப் பக்கம் என்பது. ஆரிகன் மாநிலத்தில் இருந்த மகள் வந்து பார்த்து அழுதுவிட்டு, வசந்த காலம் வந்ததும் அம்மாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லிப் போனாள். எல்லாம் கழன்று போனபோதும் அந்தக் கேள்வி மட்டும் கழலவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டாள். சாப்பிடும்போது கேட்டாள், பல் தேய்க்கும்போது கேட்டாள். "அடுத்த வாரம்" என்ற பதிலை ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்லி, அந்த வார்த்தையே வெர்னனுக்குக் கசந்துவிட்டது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லொரீனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகப் போவதாகக் காபிக்கடையில் அவர் சொன்னார். ஹாலிஸ் என்று ஒரு பழைய கூட்டாளி, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாதவன், கோப்பையைக் கீழே வைத்தான்.

"போச்சுடா. வெர்னனும் கட்சி மாறிட்டான். பார்த்துப் போ, மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொல்வாங்க."

வெர்னன் சிரிக்கவில்லை. கடைக்காரியிடம் இரண்டு ஹாம் சாண்ட்விச் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மதியம் ஒரு மணிக்கு மரங்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தார்கள். கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து பாதி மரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாமல் மூடியிருந்தது. கீழே இடுப்பளவு பெரணிச் செடி. சீசன் முடிந்துவிட்டதால் பாதையில் ஈ காக்கா இல்லை. வெர்னனுக்கு எழுபத்தாறு வயசு, பதினேழில் கோடாலி பிடித்தவர், இடது கையில் ஒரு விரலையும் இடது காதில் பாதியையும் அந்தத் தொழிலுக்குக் கொடுத்தவர். அவர் கண் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மரத்தையும் பார்த்து, இது எந்தப் பக்கம் சாயும், எங்கே வெட்டு வைக்க வேண்டும், விழும் இடத்தில் எதைப் பரப்பினால் உடையாமல் விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனது. முன்னூறு அடி மரம் ஒன்றின் கீழே நின்று அதன் பட்டையைத் தடவிப் பார்த்தார். அது ஆசையா, துக்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"பாரு லொரீன். பெரிய மரம்."

அவள் பார்த்தாள். கழுத்தைச் சாய்த்து நன்றாகத்தான் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, முகம் நிறைய எதிர்பார்ப்போடு கேட்டாள்.

"வெர்ன், என்னைப் பெரிய மரம் பார்க்க எப்பக் கூட்டிட்டுப் போவ?"

அவர் பொறுமையாகச் சொன்னார், இதுதான் அது என்று. இன்னும் நூறு அடி நடந்ததும் மறுபடி கேட்டாள். சொன்னார். பாதையோரத்து மரப் பெஞ்சில் உட்கார வைத்து, சாண்ட்விச் பொட்டலத்தை மடியில் வைத்தபோது மறுபடி கேட்டாள். முப்பத்துநான்கு வருஷத்து வீம்பை விழுங்கிவிட்டு வந்த மனுஷனுக்கு அந்த இடத்தில் பொறுமை அறுந்தது.

"இதான்! இதான் மரம்! கண்ணு தெரியலையா உனக்கு? வந்தாச்சு, பார்த்தாச்சு, போதுமா?"

அவள் உதடு கோணியது. அவர் எழுந்து விறுவிறுவென்று நடந்தார். ஒரு வளைவு தாண்டி நின்று மூச்சு வாங்கினார். கேள்வி காதில் விழாத ஒரு ஐந்து நிமிஷம் வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். ஐந்து பத்தாயிற்று. திரும்பி வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. சாண்ட்விச் பொட்டலத்தையும் காணவில்லை.

முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரெட்வுட் காட்டில் குரல் எடுபடாது. ஒரு அடி கனத்துக்குத் தென்னை நார் மாதிரிப் பட்டை, கீழே மெத்தை போல உதிர்ந்த இலை. எல்லாம் சேர்ந்து சத்தத்தைக் குடித்துவிடும். நாற்பதடிக்கு அப்பால் அவர் குரல் போகவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அதனால் தொழில்காரர் செய்வதைச் செய்தார். மரம் விழப்போகும்போது வெட்டுபவன் ஒரு குரல் கொடுப்பான். அதில் வார்த்தை கிடையாது. அடிவயிற்றிலிருந்து எழுந்து, நடுவில் ஒருமுறை உடைந்து, நீண்டுகொண்டே போகும் ஓர் ஓலம். ரம்பத்தின் இரைச்சலைத் தாண்டி மலைக்கு மலை கேட்கும். ஆளுக்கு ஆள் அது வேறுபடும். வெர்னனின் குரலை ஆயிரம் குரலுக்கு நடுவே லொரீன் கண்டுபிடிப்பாள். பெண்டாட்டியைத் தேடும் ஒருவனுக்கு இதைவிட நல்ல யோசனை தோன்றியிருக்காது.

குரல் கொடுத்தார். காது கொடுத்து நின்றார். ஒன்றுமில்லை. ஓடைப் பக்கம் இறங்கி மறுபடி கொடுத்தார். மேடேறி மறுபடி. மரம் மதிப்புப் போட வருகிறவர்கள் காட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்து நடப்பதுபோல, பெஞ்சை நடுவில் வைத்துப் போவதும் வருவதுமாக நடந்தார். பெரணிக்குள் விழுந்து எழுந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. ஒன்றேகால் மணி நேரம் இப்படிப் போயிற்று. பாதைத் தொடக்கத்தில் வனக்காவலர் குடிசை ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று முதல் நிமிஷமே அவருக்குத் தெரியும். அந்தப் பச்சைச் சட்டைக்காரர்களின் வண்டி ஊருக்குள் வந்தால் பார்த்துக் காறித் துப்பியவர்களில் அவரும் ஒருவர். அவர்களிடம் போய், என் மனைவியைத் தொலைத்துவிட்டேன், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அவள் நனைந்துகொண்டிருந்தாள், இவர் இதை யோசித்துக்கொண்டிருந்தார். இதை நினைத்துப் பிற்பாடு அவர் தன்னை எவ்வளவு திட்டிக்கொண்டாலும் தகும்.

கடைசியில் ஓடினார். எழுபத்தாறு வயசில் ஓட்டம் என்று சொல்லக்கூடிய ஒன்று.

குடிசையில் இருந்தவள் மரீசா என்று முப்பது வயசுப் பெண். உள்ளூர்க்காரிதான். அவர் சொல்லி முடிப்பதற்குள் வயர்லெஸ்ஸில் இரண்டு பேரைக் கூப்பிட்டாள், மோப்ப நாய்க்குச் சொன்னாள். நாய் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. பிறகு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். வயசு எழுபத்துநாலு. உயரம் இவ்வளவு. இதயத்துக்கு மாத்திரை, மூன்று மணிக்கு ஒன்று போட வேண்டும், அது அவர் பையில் இருக்கிறது.

"என்ன கலர் ஸ்வெட்டர் போட்டிருந்தாங்க, சார்?"

காலையில் அவர்தான் அவளுக்குப் பொத்தான் போட்டுவிட்டார். விரலில் பட்ட ஒவ்வொரு பொத்தானும் ஞாபகம் இருந்தது. நிறம் வரவில்லை. ஐம்பத்திரண்டு வருஷம் கூட இருந்த பெண்ணின் ஸ்வெட்டர் நிறம் தெரியாமல் அந்தச் சின்னப் பெண் முன்னால் நின்றார்.

"தெரியலம்மா. நான் பார்க்கல."

மரீசா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். மெல்லிய ஸ்வெட்டர், நனைந்த உடம்பு, இந்தக் குளிர். இருட்டுவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும், இருட்டிவிட்டால் தாங்குவது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொன்னாள். மரத்தடியில் நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்துவிடும். அப்போது மணி மூன்று அடிக்க ஐந்து நிமிஷம்.

இரண்டு காவலர்கள் ஓடையோரமாகவும் ரோட்டோரமாகவும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி போனார்கள். மரீசா அவரோடு பெஞ்சுக்கு வந்தாள். வயசானவர்கள் வழி தவறினால் பெரும்பாலும் கொஞ்ச தூரத்திலேயே எங்காவது ஒடுங்கிக்கொள்வார்கள், கூப்பிட்டால் பதில் சொல்லவும் மாட்டார்கள் என்றாள். சுற்றிலும் ஐம்பதடிக்குள் பெரணியை விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். ஒரு கைக்குட்டைகூட இல்லை. வெர்னன் கடவுளைக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத மனுஷர், அதனால் மறுபடி குரல்தான் கொடுத்தார். ஒன்று. இன்னொன்று. மூன்றாவது பாதியில் உடைந்து அழுகையானது. அழுகையோடும் கொடுத்தார்.

மரீசா அவர் முழங்கையைத் தொட்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எங்க அப்பாவும் மரம் வெட்டினவர்தான். நீங்க கொடுக்கிற குரலைக் கேட்டா எனக்கே ஓடிப்போய் ஒளியணும் போல இருக்கு."

வெர்னன் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தக் குரல் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மலையில் வளர்ந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அடித்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நிற்கிற பெரிய மரம் ஒன்றுக்குப் பின்னால் ஓடி ஒட்டிக்கொள்ள வேண்டும். மரம் விழுந்த சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிடக் கூடாது. விழுந்த மரம் மற்ற மரங்களை உரசிக்கொண்டு போயிருக்கும். ஒடிந்த கிளைகள் மேலே தொங்கிக்கொண்டு, தங்கள் நேரத்துக்குத்தான் விழும். அந்தக் கிளைகளுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் தாலியறுப்பான் என்றுதான் வரும். அதெல்லாம் விழுந்து அடங்கிய பிறகு, வெட்டியவன் கோடாலியின் பின்புறத்தால், வெட்டி நின்ற அடிமரத்தின் முகத்தில் மூன்று தட்டுத் தட்டுவான். அதற்குப் பிறகுதான் அசையலாம்.

கல்யாணமான வருஷம் லொரீன் ஒரு தடவை தட்டுக்கு முன்னால் வெளியே வந்துவிட்டாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. ஆள் கனத்துக்கு ஒரு கிளை, அவள் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி இறங்கி மண்ணில் குத்தி நின்றது. வெர்னன் ஓடிவந்து அவளை உலுக்கிய உலுக்கில் தூக்கு கவிழ்ந்துபோயிற்று. அன்றைக்கு அவர் சொன்னது அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது.

"வானமே இடிஞ்சு விழுந்தாலும் அசையாத. நானே உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வராத. தட்டினாத்தான் வரணும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினாள் அன்றைக்கு. அதற்கப்புறம் ஒரு நாளும் அவள் தவறவில்லை.

"நான்தான் அவளை ஒளிய வெச்சிருக்கேன்," என்றார் வெர்னன். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "ரெண்டு மணி நேரமா நான்தான் ஒளிய வெச்சிட்டு இருக்கேன்."

கீழே கிடந்த கல்லை எடுத்துப் பக்கத்து மரத்தில் அடித்தார். பொத்து பொத்தென்று பட்டையில் அமுங்கியது, சத்தமே எழவில்லை. வெறும் கையாலும் அடித்தார். தோல் உரிந்தது. பிறகு மரீசாவின் பக்கம் திரும்பி, கோடாலி வேண்டும் என்றார். அந்த ஊர் மரவெட்டி ஒருவன் பூங்காக்காரர்களிடம் கோடாலி கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மரீசா ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு பாதை முனையில் நிறுத்தியிருந்த தன் வண்டிக்கு ஓடினாள்.

அவள் திரும்பி வருவதற்குள் அவர் இடத்தைப் பார்த்து வைத்துவிட்டார். எப்போதோ பாதைக்குக் குறுக்கே விழுந்த மரம் ஒன்றை, வழி விடுவதற்காக ரம்பத்தால் அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். அறுத்த முகத்தில் பட்டை இல்லை, சிவந்து வைரம் பாய்ந்த கட்டை. அங்கே சத்தம் எழும்.

"உங்க ஆளுங்களைக் கூப்பிடுறதை நிறுத்தச் சொல்லும்மா. ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

மரீசா வயர்லெஸ்ஸில் சொன்னாள். காடு அடங்கியது. மேலே பனிமூட்டம் திரண்டு இலையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

அவர் கோடாலியைத் திருப்பிப் பிடித்தார். ஒன்று. மூச்சு விட்டார். இரண்டு. மூச்சு விட்டார். மூன்று.

யாரும் வரவில்லை. மரீசா இன்னொரு தடவை தட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மூன்றுக்கு மேல் தட்டினால் அதற்கு வேறு அர்த்தம், ஆள் அடிபட்டுவிட்டான் என்று. பெயரைக் கூப்பிட நாக்கு துடித்தது, பல்லால் கடித்துக்கொண்டார். ரெண்டு மணி நேரம் குளிரில் நின்றவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாளா? தட்டைக் கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாளா? அவர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். நாற்பது வரை போனார்.

பெஞ்சிலிருந்து முப்பது தப்படி இருக்கும். எப்போதோ நெருப்பில் எரிந்து அடியில் பொந்து விழுந்த பெரிய மரம் ஒன்று. பொந்தின் வாய் பாதைக்கு முதுகு காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தது. அவர் அதை நாலு தடவையாவது தாண்டியிருப்பார், தாண்டும்போதெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டே. அந்த மரத்தின் ஓரத்தில் பெரணி அசைந்தது. ஒரு கை வந்தது. பிறகு லொரீன் வந்தாள்.

ஸ்வெட்டர் நீல நிறம். ஒரு பக்கம் முழுக்கக் கரி. உதடும் நீலம் பாரித்திருந்தது. தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வெளியே வந்ததும் முதலில் அண்ணாந்து மேலே பார்த்தாள். தொங்குகிற கிளை ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் நடந்தாள்.

வெர்னனின் கையிலிருந்து கோடாலி நழுவியது. மரீசா வண்டியிலிருந்து எடுத்துவந்திருந்த கம்பளியைக் கொண்டுபோய் லொரீனைச் சுற்றினாள், மாத்திரை எங்கே என்று கேட்டாள். அவர் பையிலிருந்து எடுத்து நீட்டினார். லொரீன் அதைச் சமர்த்தாக வாங்கி விழுங்கினாள். மன்னிப்புக் கேட்க அவர் வாயெடுத்தார்.

அவள் கீழே கிடந்த கோடாலியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். புது ஆளிடம் காட்டுகிற மரியாதையோடு சிரித்தாள்.

"பெரியவரே, நீங்கதான் தட்டினீங்களா?"

"ஆமா."

"வெர்ன் ஏன் தட்டல? அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஒன்றும் ஆகவில்லை என்று வெர்னன் தலையை அசைத்தார்.

"இன்னிக்கு நிறைய மரம் சாய்ச்சான். குரல் மேல குரலா கொடுத்துட்டே இருந்தான். பாவம், ஒரு தடவை அழுற மாதிரிகூட இருந்துச்சு." அவள் பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. "இதை அவன்கிட்ட கொடுத்துடுங்க. இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டான். என்னைத் திட்ட வேண்டாம்னு சொல்லுங்க. பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டான். நான் ஒரு அடி நகரல."

"சொல்றேன்."

"மறக்காம சொல்லுங்க."

"சொல்றேம்மா. வந்துட்டே இருக்கான்."

அது அவளுக்குப் போதுமாக இருந்தது. மரீசா தோளைப் பிடித்து வண்டிக்கு நடத்திப் போக முயன்றாள். லொரீன் நகரவில்லை. கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, வெர்னனின் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்தபடி நின்றாள், அவன் வந்து சேரட்டும் என்று.